அத்தியாயம் 9: வளாகத்துக்குள் விலங்கு வந்தால்

புனேயில் பல வளாகங்களுக்கும் காட்டுக்கும் நடுவே இருப்பது ஒரு சுற்றுச்சுவர் மட்டுமே. பாஷாணில் தேசிய வேதியியல் ஆய்வகம் (என்.சி.எல்.), லா காலேஜ் சாலையில் திரைப்படக் கல்லூரி இரண்டும் வேதாள் டேக்டி என்ற குன்றின் இரு பக்கங்களில் இருக்கின்றன. ஃபெர்குசன் கல்லூரிக்குப் பின்னால் குன்று. கணேஷ்கிண்டில் 400 ஏக்கருக்கு மேல் மரங்களோடு விரியும் சாவித்ரிபாய் புலே பல்கலைக்கழகம். கடக்வாஸ்லாவில் என்.டி.ஏ. ராணுவ அகாடமியைச் சுற்றி அடர்ந்த காடு. பாம்பு, மயில், மரநாய், உடும்பு எல்லாம் அந்தச் சுவரைப் பொருட்படுத்துவதில்லை. எப்போதாவது சிறுத்தையும் பொருட்படுத்துவதில்லை.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களைப் போல இங்கே வளாகத்துக்கென்று தனிப் போலீஸ் கிடையாது. அந்த வேலையைச் செய்வது ஏஜென்சி காவலர்கள், ஓய்வுபெற்ற ராணுவத்தினர், சில அரசு இடங்களில் மகாராஷ்டிர பாதுகாப்புப் படையினர். படையிலிருந்து வந்து புனேயிலேயே தங்கி, ஏதாவது ஒரு வளாகத்தில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருக்கும் தமிழர்களை மனத்தில் வைத்து இந்த அத்தியாயம் எழுதப்பட்டிருக்கிறது. ஊரும் தொலைபேசி எண்ணும் மாறினாலும் கோவையிலோ திருச்சியிலோ இதே வரிசை பொருந்தும்.

முதல் விதி: விலங்கை விடுங்கள், ஆட்களைப் பாருங்கள்

2020 டிசம்பர் 9 காலையில் கோத்ரூட் பகுதியின் மகாத்மா சொசைட்டிக்குள் ஒரு காட்டுமாடு வந்துவிட்டது. மராட்டியில் இதை ‘கவா’ என்பார்கள், நம் நாளிதழ்கள் காட்டெருமை என்று எழுதும். செய்தி பரவியதும் கூட்டம் கூடியது. செல்போனோடு சிலர் பின்னால் ஓடினார்கள். மிரண்ட மாடு தெருத்தெருவாக ஓடிச் சுவரிலும் கேட்டிலும் மோதிக் காயப்பட்டது. பல மணி நேரத் துரத்தலுக்குப் பிறகு மயக்க ஊசி போட்டு, வலை வீசிப் பிடித்தார்கள். அன்றே அது இறந்துபோனது.

அதே மாதம் 22ஆம் தேதி இன்னொரு காட்டுமாடு பாவ்தன்–பாஷாண் பக்கம் தலைகாட்டியது. இம்முறை போலீசும் வனத்துறையும் முதலில் செய்த காரியம் கூட்டத்தைத் தள்ளி நிறுத்தியது. போகும் வழியைத் திறந்துவிட்டார்கள். மாடு காட்டுப் பக்கம் திரும்பிப் போய்விட்டது.

ஒரே நகரம், ஒரே மாதம், ஒரே வகை விலங்கு. கூட்டத்தை நிறுத்த முடிந்ததா இல்லையா என்பதுதான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். உங்கள் கையில் இருப்பதும் அது ஒன்றுதான். பிடிப்பதற்குப் பயிற்சி பெற்றவர்கள் வேறு இருக்கிறார்கள். அவர்கள் வந்து சேரும்வரை ஆட்கள் விலகி நிற்கவேண்டும், விலங்கு கண்ணில் இருக்கவேண்டும், அது வெளியேற ஒரு வழி திறந்திருக்கவேண்டும்.

சட்டமும் இதையே சொல்கிறது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் கீழ்ச் சிறுத்தையிலிருந்து நாகம், சாரை வரை எல்லாம் பாதுகாக்கப்பட்டவை. அடிப்பதும் கொல்வதும் பிடித்து வைத்துக்கொள்வதும் குற்றம். தெருநாயையோ மாட்டையோ கொன்றாலோ ஊனப்படுத்தினாலோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. ‘மேலதிகாரி சொன்னார், அடித்தேன்’ என்ற பேச்சு எடுபடாது.

முன்கூட்டியே செய்யவேண்டியவை

அழைப்பு வந்த பிறகு எண் தேடினால் பாதி நேரம் அதிலேயே போய்விடும். கன்ட்ரோல் ரூம் சுவரில் பெரிய எழுத்தில் இந்தப் பட்டியல் இருக்கட்டும்:

- 1926: மகாராஷ்டிர வனத்துறை உதவி எண்
- 112: போலீஸ் உட்பட எல்லா அவசரத்துக்கும்
- 108: ஆம்புலன்ஸ்
- 101: தீயணைப்பு (மரத்தில் சிக்கிய பறவை, கிணற்றில் விழுந்த விலங்கு)
- 1962: கால்நடைக்கான நடமாடும் மருத்துவ வாகனம்

இவற்றோடு உள்ளூர் எண்களையும் சேருங்கள்: உங்கள் பகுதி வனச்சரக அலுவலகம் (வேதாள் டேக்டிப் பக்கம் என்றால் பாம்புர்டா சரகம்), உள்ளாட்சியின் கால்நடைப் பிரிவு, விலங்கு மீட்பு அமைப்பு ஒன்று, வனத்துறை அறிந்த சர்ப்பமித்ர் இருவர். மகாராஷ்டிரத்தில் பாம்பு மீட்பவரை எல்லோரும் அழைக்கும் பெயர் சர்ப்பமித்ர். புனேயில் இயங்கும் ரெஸ்க்யூ அறக்கட்டளை வனத்துறையோடு சேர்ந்து காட்டு விலங்குகளை மீட்கிறது. எல்லா எண்ணையும் மாதம் ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள். எடுக்காத எண்ணை அன்றே மாற்றுங்கள்.

குறிப்பு: உங்கள் வளாகம் எந்த உள்ளாட்சியின் கீழ் வருகிறது என்பதை இப்போதே உறுதிசெய்துகொள்ளுங்கள். புனே மாநகராட்சி, பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சி, புனே கன்டோன்மென்ட், கட்கி கன்டோன்மென்ட் எல்லாம் தனித்தனி. சாலையின் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் இன்னொருவர். தவறான அலுவலகத்தைக் கூப்பிட்டால் ‘எங்க ஏரியா இல்லை’ என்ற பதிலில் அரைமணி நேரம் போய்விடும்.

கைப்பெட்டியில் இருக்கவேண்டியவை:

1. நல்ல வெளிச்சம் தரும் டார்ச் இரண்டு
2. தடுப்பு நாடா, கயிறு, விசில், மெகாபோன்
3. காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டி, பழைய பெட்ஷீட், தடித்த தோல் கையுறை (பறவைக்கும் குட்டி அணிலுக்கும் மட்டும்)
4. சோப்பு, ஐந்து லிட்டர் தண்ணீர், போவிடோன் அயோடின்
5. முதலுதவிக்கு அகலத் துணிப்பட்டை, சிம்புக் கட்டை
6. பதிவேடு, பேனா

இந்தப் பட்டியலில் பாம்புக் கொக்கி வேண்டுமென்றே சேர்க்கப்படவில்லை. கொக்கி பெட்டியில் இருந்தால் ‘நானே பிடிச்சிடறேன்’ என்று ஒருவர் என்றைக்காவது எடுப்பார்.

அழைப்பு வந்தவுடன் கேட்கவேண்டியவை

இந்த ஆறு கேள்விகளை இதே வரிசையில் கேளுங்கள்:

1. யாருக்காவது கடி, காயம் உண்டா?
2. சரியாக எந்த இடம்? எந்த மாடி, எந்தக் கதவுப் பக்கம்?
3. என்ன விலங்கு, எவ்வளவு பெரியது, ஒன்றா பலவா?
4. இப்போது என்ன செய்கிறது? படுத்திருக்கிறதா, நகர்கிறதா, அடிபட்டிருக்கிறதா?
5. நீங்கள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள்?
6. பக்கத்தில் எத்தனை பேர்? அது வெளியே போக வழி உண்டா?

ஒரு மாதிரி அழைப்பு:

“அண்ணா, டி பிளாக் ரெண்டாவது மாடி வராண்டாவுல பாம்பு! சீக்கிரம் வாங்க!”

“பதறாதீங்கம்மா. யாரையாவது கடிச்சிருச்சா?”

“இல்லண்ணா.”

“நீங்க எங்க நிக்கிறீங்க? அதுக்கும் உங்களுக்கும் எவ்வளவு தூரம்?”

“படிக்கட்டுல நிக்கிறேன். ஒரு பதினஞ்சடி இருக்கும்.”

“அங்கேயே நில்லுங்க. கிட்டப் போக வேணாம், கண்ணை மட்டும் எடுக்காதீங்க. பக்கத்துல ஏதாவது ரூம் கதவு திறந்திருக்கா?”

“204 திறந்திருக்கு. உள்ள ஒருத்தி தூங்குறா.”

“பாம்பு அந்தக் கதவுகிட்ட இருக்கா?”

“இல்ல, எதிர் மூலையில.”

“சரி, பக்கத்துல இருக்கிற தோழி போன்ல அவங்களை எழுப்பட்டும். உள்ளேயிருந்து கதவைச் சாத்தி, கீழ் இடுக்குல ஈரத் துணி வைக்கச் சொல்லுங்க. வெளிய வர வேணாம். ஆள் கிளம்பிட்டாங்க. நான் லைன்லயே இருக்கேன், அது எந்தப் பக்கம் போகுதுன்னு சொல்லிக்கிட்டே இருங்க.”

இதில் காவலர் பாம்பின் நிறத்தையோ படத்தையோ கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ‘போட்டோ எடுத்து அனுப்புங்க’ என்றால் பதினைந்தடி ஐந்தடியாகிவிடும். படம் தேவைப்பட்டால் உங்கள் ஆள் போய், ஜூம் செய்து எடுக்கட்டும்.

முதல் பத்து நிமிடங்கள்

1. இருவராகப் போங்கள். ஒருவர் விலங்கைப் பார்க்க, ஒருவர் ஆட்களைப் பார்க்க.
2. போகும்போதே உரிய எண்ணுக்கு அழைத்துவிடுங்கள். ‘முதலில் போய்ப் பார்த்துட்டுச் சொல்வோம்’ என்று தள்ளிப்போடாதீர்கள்.
3. கூட்டத்தைப் பின்னால் நகர்த்துங்கள். மராட்டியில் மூன்று வாக்கியம் மனப்பாடமாக இருக்கட்டும்: “மாகே ஸரகா” (பின்னால் போங்கள்), “கர்தி கரூ நகா” (கூட்டம் போடாதீர்கள்), “வீடியோ காடூ நகா” (வீடியோ எடுக்காதீர்கள்). குரல் உறுதியாக இருக்கட்டும், கத்தல் வேண்டாம்.
4. விலங்கு வெளியேறும் வழியைக் கண்டுபிடித்து அதை மட்டும் காலியாக வையுங்கள். கூட்டம் வட்டமாக நின்றால் வழி அடைபடும். ஒரே பக்கமாக நிறுத்துங்கள்.
5. விலங்கை விரட்ட விசில், ஹாரன், பட்டாசு, கல் எதுவும் வேண்டாம்.
6. கேட்டில் ஒருவரை நிறுத்துங்கள். மீட்புக் குழு வந்தவுடன் நேரே இடத்துக்கு அழைத்து வரவேண்டும். வண்டி வந்தும் பிளாக் தெரியாமல் சுற்றுவது எல்லா வளாகத்திலும் நடக்கிறது.
7. குழு வந்தபின் பொறுப்பு அவர்களுடையது. அவர்கள் கேட்டதை மட்டும் செய்யுங்கள். கூட்டத்தை நிறுத்தும் வேலை மட்டும் கடைசிவரை உங்களுடையது.

பாம்பு

மழைக்காலத்தில் அதிகம் வரும் அழைப்பு இது. இந்தப் பகுதியில் நான்கு நச்சுப்பாம்புகளைத் தெரிந்து வைத்திருங்கள். மராட்டிப் பெயரும் தெரிந்தால்தான் சர்ப்பமித்ரோடு பேசமுடியும்: நல்ல பாம்பு (நாக்), கட்டுவிரியன் (மண்யார்), கண்ணாடி விரியன் (கோணஸ்), சுருட்டை விரியன் (ஃபுர்சே). நஞ்சில்லாத சாரைக்கு ‘தாமண்’ என்று பெயர். பெயர் தெரிந்தாலும் வந்திருக்கும் எல்லாப் பாம்பையும் நச்சுப்பாம்பாகவே நடத்துங்கள். இருட்டில் கண்ணாடி விரியனை மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துக் கையில் எடுத்தவர்கள் உண்டு.

1. குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி நில்லுங்கள்.
2. திறந்த வெளியில் புதர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தால் போக விடுங்கள். இடத்தைப் பதிவுசெய்து ஆட்களை எச்சரியுங்கள்.
3. அறைக்குள் இருந்தால் ஆட்களை வெளியேற்றி, கதவைச் சாத்தி, இடுக்கை ஈரத் துணியால் அடையுங்கள். ஜன்னல் வழியே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.
4. ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் புகுந்திருந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், உருட்டாதீர்கள். சுற்றி நாடா கட்டிவிட்டுக் காத்திருங்கள்.
5. சர்ப்பமித்ர் வந்தால் அடையாள அட்டையைக் கேளுங்கள். பிடித்த பாம்பைக் காட்டி வித்தை, செல்ஃபி என்று ஆரம்பித்தால் நிறுத்தச் சொல்லுங்கள். அடுத்தமுறை வேறொருவரைக் கூப்பிடுங்கள்.

தவறு: பினாயில், மண்ணெண்ணெய் ஊற்றுவது. பாம்பு மிரண்டு இன்னும் உள்ளே புகும், எங்கே போனது என்றும் தெரியாது.

கடித்துவிட்டால்: உடனே 108. கடிபட்டவரைப் படுக்கவைத்து அசையாமல் வையுங்கள், நடக்கவிடாதீர்கள். மோதிரம், வாட்ச், கொலுசு, மெட்டியைக் கழற்றுங்கள். கடிபட்ட கை காலை எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல் சிம்பு வைத்துக் கட்டுங்கள், இறுக்க வேண்டாம். கடித்த நேரத்தை எழுதுங்கள். கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பச்சிலை எதுவும் கூடாது. பாம்பைத் தேடிப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வேண்டாம். நான்கு பாம்புக்கும் ஒரே மருந்துதான். அந்த மருந்துக்கு வேண்டிய நஞ்சை எடுத்துத் தருவதில், சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

கட்டுவிரியன் கடி தனியாக நினைவில் இருக்கட்டும். இரவில், தரையில் தூங்குபவரைக் கடிக்கும். வலியோ கடித்த தடமோ பெரிதாக இருக்காது. விடியற்காலையில் ஒரு மாணவர் ‘வயிறு வலிக்குது, இமை தூக்கமுடியலை’ என்றால் வாயு மாத்திரை கொடுத்துப் படுக்கவைக்காதீர்கள். நேரே ஆஸ்பத்திரி.

நாய்

வளாக நாய் விஷயத்தில் விதி அண்மையில் மாறியிருக்கிறது. 2023ஆம் ஆண்டு விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, கருத்தடை செய்த நாயைப் பிடித்த இடத்திலேயே விடவேண்டும். ஆனால் 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் கல்வி நிறுவனங்கள், மருத்துவமனைகள், விளையாட்டு வளாகங்கள், பேருந்து, ரயில் நிலையங்களிலிருந்து தெருநாய்களை அகற்றிக் காப்பகத்துக்கு அனுப்பவும், அதே இடத்தில் திரும்ப விடாமல் இருக்கவும் உத்தரவிட்டது. நிறுவனங்கள் வேலி போடவேண்டும், ஒரு பொறுப்பு அதிகாரியை நியமித்து அவர் விவரத்தை நுழைவாயிலில் எழுதி வைக்கவேண்டும் என்றும் சொன்னது. வழக்கு நகர நகர உத்தரவும் மாறக்கூடும். கடைசியாக வந்த உத்தரவின் நகலை நிர்வாகத்திடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

காவலருக்கு இதில் முக்கியமான வரி ஒன்று: பிடிப்பது உள்ளாட்சியின் வேலை. நீங்கள் செய்யவேண்டியது வேலி ஓட்டையைக் கண்டுபிடிப்பது, குப்பையை மூடச் சொல்வது, தகவல் சொல்வது. கோணிப்பையில் கட்டி இரவோடிரவாக வேறு பேட்டையில் கொண்டுபோய் விடும் வேலைக்கு யார் சொன்னாலும் இறங்காதீர்கள்.

நாய் அழைப்பு வரும்போது:

1. கூட்டமாகக் குரைக்கும் நாய்கள் முன்னால் ஓடாதீர்கள். நேருக்கு நேர் முறைக்காதீர்கள். பையையோ லத்தியையோ உடலுக்கு முன்னால் பிடித்து, பக்கவாட்டில் மெல்ல நகருங்கள்.
2. கடித்த நாயின் நிறம், அடையாளம், காதோரத்தில் சிறு வெட்டு உண்டா என்று பாருங்கள். வெட்டு இருந்தால் கருத்தடை ஆன நாய் என்று பொருள்.
3. காரணமில்லாமல் கண்டதையெல்லாம் கடிப்பது, எச்சில் ஒழுகுவது, தாடை தொங்குவது, தள்ளாடி நடப்பது எல்லாம் வெறிநோயின் அறிகுறி. அந்தப் பகுதியை அடைத்து, உள்ளாட்சியின் கால்நடைப் பிரிவைக் கூப்பிடுங்கள்.
4. சோறு போடுபவர்களோடு வாக்குவாதம் வேண்டாம். நேரம், இடத்தைப் பதிவுசெய்து பொறுப்பு அதிகாரியிடம் கொடுங்கள். அந்தப் பேச்சு அவருடையது.

கடிபட்டவருக்கு: ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள், இரண்டு நிமிடத்திலேயே போதும் என்று தோன்றும். பிறகு போவிடோன் அயோடின். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி கூடாது. அன்றே தடுப்பூசி போடவேண்டும். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28ஆம் நாட்கள், தசையில் போடுவதானால் 0, 3, 7, 14, 28. ஆழமான கடிக்கு அதோடு இம்யூனோகுளோபுலினும் உண்டு. ‘நாயைப் பத்து நாள் பார்த்துட்டுப் போடலாம்’ என்று யார் சொன்னாலும் காத்திருக்காதீர்கள். குரங்கு, பூனை, கீரி கடித்தாலும் இதே நடைமுறைதான்.

சிறுத்தை

‘பிபட்யா’ என்ற ஒரு சொல் போதும், ஹாஸ்டல் வாட்ஸ்அப் குழுக்கள் பற்றிக்கொள்ளும். முதலில் சரிபாருங்கள். படம் எடுத்தவர் யார், எந்த இடம், எந்த நேரம்? ஃபார்வர்டு செய்தவர் சொன்னால் போதாது, எடுத்தவரிடமே பேசுங்கள். பழைய படத்தையும் கணினி தயாரித்த படத்தையும் அனுப்பி விளையாடுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சரிபார்ப்பதற்காக 1926ஐ அழைப்பதைத் தாமதிக்கவேண்டாம். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கட்டும்.

1. திறந்தவெளியில் இருப்பவர்களைக் கட்டடத்துக்குள் அனுப்புங்கள். விளக்குகளைப் போடுங்கள்.
2. தேடுதல் வேட்டை நடத்தாதீர்கள். டார்ச்சோடு புதருக்குள் இறங்குவதுதான் இருக்கும் ஆபத்திலேயே பெரியது.
3. கட்டடத்துக்குள் புகுந்திருந்தால், கிட்டப் போகாமல் முடியுமென்றால் மட்டும் வெளிக்கதவைச் சாத்துங்கள். எட்டிப் பார்க்கவேண்டாம்.
4. கால்தடம் இருந்தால் மேலே ஒரு தொட்டியைக் கவிழ்த்து வையுங்கள். வனத்துறைக்கு அதுதான் சாட்சி.
5. அடுத்த சில நாட்கள் இரவில் தனியாக யாரும் நடக்கவேண்டாம். பேசிக்கொண்டு, கூட்டமாகப் போகட்டும். காவலரும் குனிந்து உட்கார்ந்தபடி டூட்டி பார்க்கவேண்டாம்.

‘பிடிச்சுக் கொண்டுபோங்க’ என்று நிர்வாகம் அழுத்தம் கொடுக்கும். ஜுன்னர் பகுதியில் 2001க்குப் பிறகு சிறுத்தைகளைப் பிடித்து வேறிடங்களில் விட்டார்கள். ஆண்டுக்குச் சராசரி 4 ஆக இருந்த தாக்குதல்கள் 17 ஆகின என்று ஆய்வாளர் வித்யா ஆத்ரேயா குழு கண்டறிந்தது. பிடிப்பதா, விடுவதா என்பது வனத்துறை முடிவு. பிடிக்கவேண்டியிருந்தாலும் அவசரம் உதவாது. லோஹேகாவ் விமான நிலையத்தில் 2025 ஏப்ரலில் தென்பட்ட சிறுத்தையைக் கேமராக்களும் கூண்டுகளும் வைத்துப் பல மாதம் காத்திருந்து, டிசம்பரில்தான் பத்திரமாகப் பிடித்தார்கள்.

உங்களால் குறைக்கக்கூடியது ஒன்று உண்டு: சாப்பாட்டுக் கழிவு. கழிவு நாயை வரவழைக்கும், நாய் சிறுத்தையை வரவழைக்கும். அகோலே பகுதியில் செய்த ஆய்வில் சிறுத்தைகள் தின்ற இரையின் எடையில் 39 சதவீதம் நாய்தான். மெஸ் பின்கட்டுத் தொட்டிக்கு மூடி போடுவதும் சிறுத்தைத் தடுப்பு வேலைதான்.

மலைத்தேனீ

நூலகக் கூரை, தண்ணீர்த் தொட்டி அடிப்பக்கம் என்று கட்டடங்களில் தொங்கும் பெரிய தேனடை மலைத்தேனீயுடையது. சும்மா இருந்தால் அதுவும் சும்மா இருக்கும். புகை, கல், டிரோன், மொட்டைமாடிப் பட்டாசு எல்லாம் அதைக் கிளப்பும்.

1. கிளம்பிவிட்டால் ஓடுங்கள், ஓடச் சொல்லுங்கள். கையை வீசாமல், முகத்தைத் துணியால் மூடி, அருகில் உள்ள கட்டடத்துக்குள் புகுந்து கதவைச் சாத்தவேண்டும். தண்ணீரில் குதித்தால் வெளியே வரும்வரை மேலேயே சுற்றும்.
2. மெகாபோனில் அறிவித்து அந்தப் பாதையை அடையுங்கள்.
3. கொட்டிய முள்ளை உடனே சுரண்டி எடுங்கள். எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதே முக்கியம்.
4. மூச்சுத்திணறல், உதடு வீக்கம், மயக்கம், அல்லது நிறையக் கொட்டு என்றால் 108.

தவறு: பகலில் ஹவுஸ்கீப்பிங் ஆட்களை விட்டு அடைக்குத் தீ வைப்பது. தேனடை எடுக்கப் பழகியவர்களைக் கூப்பிடுங்கள், வளாகம் காலியாக இருக்கும் நேரத்தில் செய்யச் சொல்லுங்கள்.

குரங்கு, மாடு, பறவை

குரங்கு: பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், அதற்கு அது மிரட்டல். பிடுங்கிய பையைத் திரும்பப் பிடுங்க வேண்டாம். மெஸ் ஜன்னலுக்கு வலை அடிப்பதே நிலையான வழி.

மாடு: சாதுவென்று நினைத்து அலட்சியப்படுத்துவோம். 2019 ஜூலையில் மும்பை ஐ.ஐ.டி. வளாகத்துக்குள் ஓடிவந்த காளை ஒரு மாணவரை முட்டித் தள்ளியது. இரண்டு காளைகள் மோதினால் நடுவில் போகாதீர்கள். சாலையை இரு பக்கமும் அடைத்து, உள்ளாட்சியைக் கூப்பிடுங்கள்.

பறவை: சங்கராந்திச் சமயத்தில் மாஞ்சாவில் சிக்கிய பருந்தும் ஆந்தையும் அதிகம் வரும். நைலான் மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இலேயே தடைசெய்தது, ஆனாலும் விற்கிறார்கள். உயரத்தில் சிக்கியிருந்தால் 101. கீழே விழுந்திருந்தால் பெட்ஷீட்டைப் போர்த்தி அட்டைப்பெட்டியில் வைத்து, இருட்டான அமைதியான அறையில் வையுங்கள். நூலை இழுக்காதீர்கள், உடலுக்கு அருகே நீளம் விட்டு வெட்டுங்கள். தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

பதிவேடு எழுதும் முறை

‘பாம்பு வந்தது, பிடித்தாயிற்று’ என்ற பதிவால் யாருக்கும் பயன் இல்லை. இப்படி எழுதுங்கள்:

*இரவு 11.42: டி பிளாக் 2ஆம் மாடி வராண்டாவில் பாம்பு என அழைப்பு. கடி இல்லை. 11.44: சர்ப்பமித்ருக்கும் 1926க்கும் தகவல். 11.49: இரு காவலர் இடத்தில். மாணவிகள் படிக்கட்டுக்குக் கீழே நிறுத்தப்பட்டனர். 12.25: சர்ப்பமித்ர் வருகை, அட்டை பார்க்கப்பட்டது. 12.31: சாரை பிடிபட்டது, வனத்துறைக்குத் தெரிவிக்கப்பட்டது. காரணம்: குளியலறைக் கழிவுநீர்க் குழாய்க்கு வலை இல்லை. பராமரிப்புப் பிரிவுக்கு எழுதப்பட்டது.*

கடைசி இரண்டு வாக்கியங்கள்தான் அடுத்த அழைப்பைத் தடுப்பவை. அவை இல்லாத பதிவில் சூப்பர்வைசர் கையெழுத்துப் போடக்கூடாது.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

- துணிச்சலைக் காட்ட ஒருவர் தனியாகப் போவது
- கூட்டத்தை வட்டமாக நிற்கவிட்டு விலங்கின் வழியை அடைப்பது
- காவலரே வீடியோ எடுத்துக் குழுவில் போடுவது. பத்து நிமிடத்தில் இருநூறு பேர் வந்து நிற்பார்கள்
- அடிபட்ட விலங்குக்குச் சோறும் பாலும் கொடுப்பது
- தனியாக இருக்கும் குட்டியை ‘அனாதை’ என்று தூக்கிவருவது. தாய் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும்
- நிருபர் கேட்டதும் ஆளாளுக்குப் பேசுவது. பேச ஒருவரை முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள்
- விலங்கு போனவுடன் நாடாவை அவிழ்த்துவிடுவது. குறைந்தது ஒரு ஷிஃப்ட் முழுதும் அந்த இடத்தில் ரோந்து இருக்கட்டும்

இந்த வாரமே தொடங்க

1. சுற்றுச்சுவரை ஒருமுறை முழுதாக நடந்து, ஓட்டைகளையும் சுவரில் சாய்ந்த கிளைகளையும் குறியுங்கள்.
2. எண் பட்டியலை எழுதி, ஒவ்வொன்றையும் அழைத்துப் பாருங்கள்.
3. ஆறு கேள்விகளை அட்டையில் எழுதிப் போனுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.
4. மழை தொடங்கும் ஜூனுக்கு முன்னால் ஒரு பாம்பு ஒத்திகை நடத்துங்கள். பாம்புக்குப் பதில் ஒரு ரப்பர் குழாய் போதும். அழைப்பு வந்ததிலிருந்து கூட்டம் முழுதாகத் தள்ளி நிற்க எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதுங்கள். அடுத்த ஒத்திகையில் அந்த எண் குறையவேண்டும்.